விளக்குக்குப் பின்னால் இருந்த கை

பெர்னடீன் ஹுடாக்கிடம் யாராவது "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டால், முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் "மெஷினா இருக்கேன்" என்பாள். கேட்டவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். கொஞ்ச நேரத்தில் கேட்டவருக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். பிட்ஸ்பர்க்கில் அவளோடு ஒரே சோதனைக்கூடத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது வேடிக்கைப் பேச்சு இல்லை.

எங்கள் வாசல் பலகையில் 'இன்டராக்‌ஷன் டிசைன்' என்று போட்டிருக்கும். என் மைத்துனன் அதைப் படித்துவிட்டு, "ஜோடி சேத்து வைக்கிற ஆபீஸா லூ?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஒரு புதுச் சாமான் கடைக்கு வருவதற்கு முன்னால், மனுஷன் அதை எந்த இடத்தில் தொடுவான், எதைத் திருகுவான், எதைப் பார்த்து முழிப்பான், எப்போது "சனியனே" என்று திட்டுவான் என்றெல்லாம் பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் அதைச் செதுக்கிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. உள்ளே கம்ப்யூட்டர் என்ன கணக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். வெளியே இருப்பது ஒரு கை. அந்தக் கைக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும் இல்லையா? அந்த ஏதாவது ஒன்றை மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் அறுத்து இழைத்துக் கொடுப்பவன் நான், லூ பெட்ரோன்.

பெர்னடீனை நாங்கள் பெர்னி என்போம். அவள் வேலை என்னுடையதைவிட விசித்திரம். சாமான் அரைகுறையாக இருக்கும்போதே நாங்கள் ஆட்களை வரவழைத்துப் பழக விட்டுப் பார்ப்போம். அப்போது அதற்கு உடம்பு இருக்கும், மூளை இருக்காது. மூளைக்குப் பதிலாகச் சுவருக்குப் பின்னால் பெர்னி இருப்பாள். பேசும் டிக்கெட் மெஷின் என்று நம்பி ஒருவர் கேள்வி கேட்பார், பதில் தட்டுவது பெர்னி. கை அசைத்தால் திறக்கும் கதவு என்று நம்பி இன்னொருவர் கை அசைப்பார், உள்ளிருந்து கயிற்றை இழுப்பது பெர்னி. ஏமாற்று வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாதக்கணக்கில் உட்கார்ந்து புரோகிராம் எழுதி முடித்த பிறகு 'இது ஒருத்தருக்கும் புரியவில்லை' என்று தெரிந்துகொள்வதற்கு இது எவ்வளவோ தேவலை. எல்லாம் முடிந்ததும் வந்தவரை உட்கார வைத்து, "உள்ள இருந்தது மெஷின் இல்லங்க, ஒரு ஆளு" என்று சொல்லிவிடுவோம். அதைச் சொல்லாமல் ஒருவரையும் விடுவதில்லை. எங்கள் தொழிலில் அது சத்தியம் செய்து கொடுத்தது மாதிரி.

ஒருமுறை அவசரக்காரர் ஒருவர் அந்த டிக்கெட் மெஷினை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். அந்த மெஷினின் தாயாரைக்கூட விடவில்லை. பெர்னி உள்ளே உட்கார்ந்துகொண்டு, "மன்னிக்கவும், மறுபடி சொல்லுங்கள்" என்று நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் அதே மனிதர் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க வாங்க, மெதுவா வாங்க" என்று அவளுக்காகக் காத்து நின்றார். அவள் என்னிடம் வந்து சொன்னாள்:

"பாத்தியா லூ, நல்ல மனுஷன்தான். சுவரு நடுவுல இருந்தா எல்லாருக்கும் புத்தி மாறிடுது."

இங்கே வருவதற்கு முன் பெர்னி மலைச்சரிவில் ஏறி இறங்கும் ரயில் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுகிறவர் பெட்டியில் இருக்க மாட்டார், உச்சி ஸ்டேஷனில் ஒரு கண்ணாடி அறைக்குள் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு இருப்பார். பெட்டிக்குள் இருக்கும் குழந்தைகள் சும்மா வானத்தைப் பார்த்துக் கை ஆட்டும். இவள் மேலே இருந்து மணியை ஒரு தட்டு தட்டுவாள். அப்படி எந்த விதியும் கிடையாது. "ஒருத்தர் கையாட்டி நான் பேசாம இருந்தா எனக்கு உள்ளங்கை அரிக்கும்" என்பாள். உயரமான அந்த ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டதால் வேலையை விட்டாள். பொறுமைசாலி, வாய் திறக்காமல் நாளெல்லாம் உட்காருவாள் என்று எங்கள் தலைவி டாக்டர் வெக்ஸ்லர் அவளைச் சேர்த்துக்கொண்டார். பொறுமை உண்மைதான். அந்த அரிப்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

விளக்கு வேலை வந்தது அதற்கப்புறம் வெகு காலம் கழித்து.

தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு ஆளுக்கொரு விளக்கு. ஒருவர் தன் விளக்கின்மேல் கை வைத்தால் மற்றவர் விளக்கு மெல்லச் சிவந்து, லேசாகச் சூடாகும். அவ்வளவுதான். பேச்சு இல்லை, எழுத்து இல்லை, படம் இல்லை. முதலில் நான் செய்த பெட்டி சப்பையாக இருந்தது, ஜனங்கள் அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு மேப்பிள் மரத்தில், ஒரு ரொட்டி அளவுக்கு, மேல்பக்கம் உள்ளங்கைக்குக் குழிவாகக் கடைந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பார்த்தவர் கை தானாகப் போய் அதில் உட்கார்ந்தது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த சாமான் அது.

ஆனால் விளக்கு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும், எப்படி அணைய வேண்டும், லேசாகத் தட்டினால் என்ன, அழுத்தினால் என்ன என்பதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. சரி, முதலில் ஒரு மனுஷி செய்து பார்க்கட்டும், அதைப் பார்த்துப் புரோகிராம் எழுதலாம் என்று வெக்ஸ்லர் முடிவு செய்தார். உள் அறையில் ஒரு திரையில் ஊருக்கு ஒன்றாக இரண்டு புள்ளிகள். கை வைத்தால் புள்ளி பெரிதாகும், எடுத்தால் சுருங்கும். கீழே இரண்டு திருகு குமிழ்கள், ஒரு பழைய கேஸ் அடுப்பிலிருந்து நான் பிடுங்கி வைத்தவை. அந்த ஊரில் கை வைத்தால் இந்த ஊர்க் குமிழைத் திருப்ப வேண்டும். வந்ததைக் கொடு, வராததைக் கொடுக்காதே. இன்னொன்று, மெஷினாக இருப்பவர் எதிராளியின் முகத்தைப் பார்க்கக்கூடாது, அவர் கதையும் தெரியக்கூடாது. முகம் தெரிந்துவிட்டால் கை பொய் சொல்லும் என்பார் வெக்ஸ்லர்.

அந்த இரண்டாவது விதிதான் உடைந்தது. எங்கள் ஊரிலேயே மேட்டில் இருக்கும் ட்ராய் ஹில்லில் ஒரு கிழவர் வீட்டுக்கு விளக்கைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரே பனி, படிக்கட்டு கண்ணாடியாக வழுக்கியது. பெர்னி, "நானும் வரேன், நீ விழுந்தா தூக்கறதுக்கு ஆள் வேண்டாமா, வண்டியிலயே உக்காந்திருக்கேன்" என்று கிளம்பினாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியதும் கிளெமென்ட் யூரிக் கதவைத் திறந்தார். முதல் பார்வையே என்னைத் தாண்டி வண்டிக்குப் போனது.

"அந்தம்மா ஏன் குளிர்ல உக்காந்திருக்கு? ஏம்மா, உள்ள வா. கசகசா வச்ச ரொட்டி ரோல் இருக்கு."

நெட்டையான மனிதர். எஃகு ஆலையில் இருந்தவர், மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சமையலறையில் இரண்டு நாற்காலிகள், ஒன்றின் முதுகில் அந்த அம்மாளின் ஸ்வெட்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பெர்னி அந்த நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே காபி குடித்தாள். நான் விளக்கை மேஜைமேல் வைத்து ஒயரைச் சொருகும்போது அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"இது என் பொண்ணு நொரீனோட ஏற்பாடு. ரொம்ப தூரத்துல, டுலூத்துங்கற ஊர்ல இருக்கா. போன்ல பேசினா ஆரம்பிச்ச உடனேயே சண்டை. அதான் வாய் இல்லாத சாமானா பாத்துப் புடிச்சிருக்கா."

"எதுக்கு சண்டை?" என்றாள் பெர்னி. கேட்டிருக்கக்கூடாது.

"இங்க வந்துடுப்பா, என்கூட இருன்னு நச்சரிக்கிறா. இந்தக் குளிர் வந்த புதுசுல நான் வாசல் படியில விழுந்து, தபால்காரன் வர்ற வரைக்கும் அப்படியே கெடந்தேன். அதுலேருந்து ஆரம்பிச்சுது. அவ கடமைக்குக் கூப்பிடறாம்மா. ஊர் என்ன சொல்லுமோன்னு கூப்பிடறா. நெஜமாவே அவளுக்கு நான் வேணும்னு தெரிஞ்சா, நான் நாளைக்கே பெட்டி கட்டிடுவேன். கடமைக்குன்னா, இதே படியில விழுந்து சாகறேன்."

காபி முடிந்தது. திரும்பினோம். அந்த ஸ்வெட்டர் என் கண்ணைவிட்டுப் போகவில்லை, அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

விளக்கு வேலை செய்யத் தொடங்கியது. தினமும் விடிவதற்கு முன்பே பெர்னி உள் அறைக்குப் போவாள், சாயங்காலம் வரை அவள்தான். விடியும் நேரத்தில் ட்ராய் ஹில் புள்ளி பெரிதாகும். கிழவர் எழுந்து, காபி போட்டு, கை வைக்கிறார். இவள் டுலூத் குமிழைத் திருப்புவாள். பதில் வராது. புள்ளி அப்படியே நிற்கும். ரொம்ப நேரம் நிற்கும். பிறகு மெதுவாகச் சுருங்கும். அடுத்த நாளும் அதேதான். நொரீன் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே மத்தியானத்தில்தான் தெரியும். திடீரென்று அவள் புள்ளி டக் டக் என்று துடிக்கும், நிற்கும், மறுபடி துடிக்கும். பெர்னி அதை அப்படியே ட்ராய் ஹில்லுக்கு அனுப்புவாள். அங்கிருந்தும் பதில் இருக்காது.

"பெரியவர் தூங்குவார் அந்த நேரத்துல" என்று என்னிடம் முணுமுணுத்தாள். "இவளப் பாரு. கதவத் தட்டிட்டு ஓடற பசங்க மாதிரி. கையை வச்சு ஒரு நிமிஷம் இருந்தா என்ன, தேஞ்சா போயிடும்?"

அவள் நொரீனைப் பார்த்ததில்லை. அவளுக்கு நொரீன் ஒரு துடிக்கும் புள்ளி. கிழவரோ சமையலறையும், ரோலும், ஸ்வெட்டரும் உள்ள ஒரு ஆள். ஒருவர் உடம்போடு இருக்க, மற்றவர் திரையில் இருந்தால் நம் நெஞ்சு எந்தப் பக்கம் சாயும்? இதைப் பற்றி நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தராசு எங்கள் யாரிடத்திலும் சரியாக இல்லை.

ஒரு நாள் காலை கிழவரின் கை நெடுநேரம் இருந்தது. பெர்னி பொறுத்துப் பார்த்தாள். பிறகு டுலூத்திலிருந்து ஒன்றும் வராமலே, ட்ராய் ஹில் குமிழைத் தானாகவே மெல்லத் திருப்பினாள். ரொம்ப மெதுவாக, காபியில் பால் கலப்பதுபோல. அங்கே புள்ளி இன்னும் பெரிதானது. கிழவர் அழுத்துகிறார். இவள் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அதே மெதுவில் அணைத்தாள். மறுநாளும் செய்தாள். அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. நான் பக்கத்து அறையில் மரம் அறுத்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது.

தெரிந்தது எப்படி என்றால், நடுவில் ஒருமுறை கிழவரை வரவழைத்து, விளக்கு எப்படி இருக்கிறது என்று வெக்ஸ்லர் கேட்டார். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் பெர்னியும் உட்கார்ந்திருந்தோம். கிழவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

"காலையில நான் கை வச்சா கொஞ்ச நேரத்துல சூடு வரும். மெதுவா வரும், மெதுவாப் போகும். அவசரமே கெடையாது. அவ அம்மா இருந்த மாதிரியே. நொரீனுக்குள்ள இப்படி ஒருத்தி இருக்கான்னு எனக்கு இத்தன வயசுக்கு அப்புறம்தான் தெரியுது." மூக்கைச் சிந்திக்கொண்டார். "வீட்ட விக்க ஆள் பாக்கச் சொல்லிட்டேன். அவகிட்ட இன்னும் சொல்லல. இது முடிஞ்சதும் நானே சொல்லுவேன். தினம் விடியக்காலையில எந்திரிச்சு வந்து கை வைக்கறவ கடமைக்குக் கூப்பிடல, பாருங்க."

நான் பெர்னியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"லூ, அது நான்" என்றாள்.

கிழவர் போனதும் வெக்ஸ்லரிடம் அவளே போய்ச் சொன்னாள், நானும் கூடப் போனேன். வெக்ஸ்லர் கத்துகிற பேர்வழி இல்லை. கையிலிருந்த ஆப்பிளை மேஜைமேல் வைத்தார்.

"நொரீன் ஆஸ்பத்திரியில நர்ஸ்" என்றார். "இப்பத்தான் நைட் டூட்டிக்கு மாத்தியிருக்காங்க. அவர் கை வைக்கிற நேரத்துல அவ வார்டுல இருப்பா. வீட்டுக்கு வந்து தூங்கி மத்தியானம்தான் எந்திரிப்பா. உங்ககிட்ட சொல்லாம இருந்தேன். சொல்லக்கூடாதுன்னு நம்ம முறை."

பெர்னி சுவரில் சாய்ந்துகொண்டாள். கல்நெஞ்சுக்காரி என்று தினமும் மனசுக்குள் தான் திட்டிக்கொண்டிருந்த நொரீன், எழுந்த கையோடு முதல் வேலையாக அந்த விளக்கைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அவர்கிட்ட சொல்லணும்" என்றார் வெக்ஸ்லர்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எதுக்குச் சொல்லணும்? மனுஷன் அந்தப் படிக்கட்டுல கெடந்து சாகப் போறாரு. பொய்யோ நெஜமோ, போறேங்கறாரு. போகட்டும். மக வீட்டுல சூடா ரெண்டு வேளை சாப்பிடட்டும். நம்ம சத்தியத்தக் காப்பாத்தறதுக்கு அவரைக் கொல்லணுமா?"

"வீட்ட வித்துட்டுப் போவாரு லூ" என்றார் வெக்ஸ்லர். "போய் முதல் நாள் காலையில, மக இன்னும் ஆஸ்பத்திரியிலேருந்து வரல. அப்ப, தினம் காலையில கை வச்சது யாருன்னு அவருக்குத் தெரியாமயா போகும்?"

நான் ஒப்புக்கொள்ளவில்லை, முறைத்துக்கொண்டு நின்றேன். பெர்னிதான் பேசினாள்.

"நீங்க யாரும் வர வேண்டாம். கை என்னோடது. நானே போறேன்."

மறுநாள் மத்தியானம் அவள் தனியாகக் கிளம்பினாள். உள் அறை நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார் வெக்ஸ்லர். "கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் லூ. வர்றத மட்டும் குடுங்க" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார். அங்கே சமையலறையில் நடந்ததைப் பெர்னி பிற்பாடு என்னிடம் ஒரு சொல் விடாமல் சொன்னாள், அதைத்தான் சொல்கிறேன்.

கிழவர் கதவைத் திறந்ததும் சந்தோஷப்பட்டார். காபி கொடுத்தார். இவள் கோப்பையைத் தொடாமலே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். சுற்றி வளைக்க அவளுக்கு வராது. சுவர், அறை, குமிழ், காலையில் வந்த சூடு எல்லாம் தன் கை என்று சொன்னாள். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"என் வீட்டுக்குள்ள வந்து, என் காபியக் குடிச்சுட்டுப் போய், இப்படி வெளையாடினியாம்மா?"

"வெளையாடலங்க. நீங்க கைய எடுக்கவே இல்ல. என்னால தாங்க முடியல."

"தாங்க முடியலைன்னா? நான் உன்கிட்டயா கேட்டேன்?" ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "அப்போ அவ ஒரு நாள்கூடத் தொடலையா?"

"தொட்டாங்க. தினம் தொட்டாங்க. அவங்களுக்கு இப்ப ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. மத்தியானம் தூங்கி எந்திரிச்சதும் தொடுவாங்க."

கிழவர் திரும்பினார். "மத்தியானமா?"

"ஆமா. டக் டக்குன்னு தட்டுவாங்க, விடுவாங்க, மறுபடி தட்டுவாங்க. நான்தான் அனுப்புவேன், எனக்குத் தெரியும்."

அவர் மேஜையைப் பார்த்தார். அப்போதுதான் பெர்னியும் பார்த்தாள். விளக்கு ஒரு பாத்திரம் துடைக்கும் துணிக்குள் இருந்தது.

"அது கோளாறு இல்லையா?" என்றார் கிழவர். "தினமும் மத்தியானம் விட்டு விட்டு எரியும். உள்ள ஒயர் எங்கயோ லூசா இருக்குன்னு நினைச்சேன். கண்ணைக் கூசுதுன்னு மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் துணியப் போட்டு மூடிடுவேன்."

பெர்னி அங்கேயே அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, எங்கள் கூடத்தில் யாருமே பார்த்ததில்லை. ஆனால் அழுதேன் என்று அவளே சொன்னாள், மறைக்கவில்லை. கிழவர் வந்து துணியை எடுத்து மடித்து வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்குக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் போவதற்கு எழுந்ததும், "உக்காரு" என்றார். "கோளாறா இல்லையான்னு நீதான சொல்லணும்."

எனக்கு அங்கே என்ன நடக்கிறதென்று தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டு, பெர்னியை வெளியே தள்ளியிருப்பாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் கொஞ்சம் சாய்ந்ததும் டுலூத் புள்ளி துடித்தது. டக் டக். நின்றது. டக். நான் ட்ராய் ஹில் குமிழை அதே மாதிரி திருப்பினேன், திருப்பினேன், விட்டேன்.

உடனே ட்ராய் ஹில் புள்ளி பெரிதானது.

அது பெரிதாகிக்கொண்டே போய், திரையில் ஒரு எலுமிச்சை அளவுக்கு நின்றது. நான் டுலூத் குமிழைத் திருப்பினேன். நொரீன் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினாள், பயந்துகொண்டு தட்டுகிற மாதிரி. எடுத்தாள். கிழவர் கை அசையவே இல்லை. நொரீன் புள்ளி சுருங்கி மறைந்தது, திரும்பி வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போய்விட்டாளே என்று நினைத்தேன். கிழவரின் புள்ளி மட்டும் நிற்கிறது, நான் வந்ததை மட்டும்தான் கொடுக்க வேண்டும். தினமும் காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பெர்னி பட்ட பாடு என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குமிழ் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது.

சமையலறையில் டெலிபோன் அடித்தது. கிழவர் இடது கையால் எடுத்தார், வலது கை விளக்கின் மேலேயே இருந்தது. நொரீன் போட்ட சத்தம் பெர்னிக்குத் தெளிவாகக் கேட்டதாம்.

"அப்பா, அந்த லைட் கெட்டுப் போச்சு. சூடு ஏறிக்கிட்டே போகுது, அணையவே மாட்டேங்குது. உன்னோடதும் அப்படித்தான் இருக்கும். தொடாத. பிளக்கப் புடுங்கிடு."

"கெட்டுப் போகல" என்றார் கிழவர். "நான்தான் கை வச்சிருக்கேன்."

லைன் போய்விட்டதோ என்று அவர் ரிசீவரைப் பார்த்தார்.

"இவ்வளவு நாள் தட்டினேன்" என்றாள் நொரீன். சத்தம் இறங்கியிருந்தது. "எந்திரிச்சதும் பல்லுகூட வெளக்காம வந்து தட்டினேன். நீ ஒரு நாளும் திருப்பித் தட்டல. என்மேல அவ்வளவு கோவமான்னு நினைச்சுக்கிட்டேன்."

கிழவர் மடித்து வைத்த துணியைப் பார்த்தார். துணி போட்டு மூடினேன் என்று மகளிடம் எப்படிச் சொல்வது?

"கைய எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்ப்பா. எடுக்காத."

என் திரையில் டுலூத் புள்ளி திரும்பி வந்தது. இந்தத் தடவை துடிக்கவில்லை. வந்து அப்படியே நின்றது. இரண்டு புள்ளியும் ஒன்றாக நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன். வலது கையில் ஒரு குமிழ், இடது கையில் ஒரு குமிழ், மூக்கு அரித்தால் சொறிவதற்குக் கை இல்லை. வெக்ஸ்லர் எட்டிப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து என் சட்டைப்பையில் போன் அடித்தது. முழங்கையால் என்னென்னவோ வித்தை செய்து, மேஜையில் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டினேன். பெர்னி. கிழவர் வீட்டு வாசலிலிருந்து பேசினாள், காற்று இரைந்தது.

"லூ, அங்க என்ன தெரியுது?"

"ரெண்டும் எரியுது."

"இங்க சண்டை ஆரம்பிச்சாச்சு. அம்மாவோட ஸ்வெட்டர் எல்லாம் எதுக்குக் கொண்டு வர்றேன்னு அவ, அதில்லாம நான் வரமாட்டேன்னு இவரு. உன் வீட்டுல ஜன்னல் எந்தப் பக்கம்னு வேற கேக்கறாரு. நல்லா காதுல விழுது." மூக்கை உறிஞ்சினாள். "கைய எடுத்துட்டாங்களா?"

"இல்ல. ரெண்டு பேருமே எடுக்கல."

"அப்ப நீயும் எடுத்துடாத" என்றாள் பெர்னி.

நான் எடுக்கவில்லை.